இடது மூலைச் சூரியன்

போன மாதம் கவிதா போன் செய்தாள். அல்லிநகரத்தில் நான் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். என் முதலாளி சிவனாண்டி சாரின் மகள். கட்டடக்கலை படித்தவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஓய்வு பெற்றவர்களிடம் கேட்கக் கூடாததாகப் பார்த்துக் கேட்பாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல போட்ட வீட்டுப் படத்தப் பேனாவுல வரைஞ்ச மாதிரி மாத்துறதுக்கு இப்ப ஒரு வசதி வந்திருக்கு. கோட்ட எம்புட்டு நடுங்க விடணும்னு அதுவே கேக்குது. எம்புட்டு வச்சா நல்லா இருக்கும்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை கோடு நடுங்கக் கூடாது என்பதற்காக மூச்சைப் பிடித்தவள் நான். எவ்வளவு நடுங்கினால் அழகு என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் கவிதாதான்.

"எனக்கு இப்ப கை எம்புட்டு நடுங்குதோ அம்புட்டு வையி" என்றேன்.

சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "நிழலுக்கும் வசதி இருக்குக்கா. ஊரு, மாசம், மணி சொன்னாப் போதும். சூரியன் எங்கன இருக்கோ அங்கன இருந்து நிழலப் போட்டுரும். அப்பா காலத்துல நீங்க எப்படிப் போட்டீக?"

இதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுங்கள், ஆபீசுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றாள். அதனால்தான் இது.

நான் உத்தமபாளையத்துக்காரி. பேர் மும்தாஜ். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்தேன். சான்றிதழில் டிராப்ட்ஸ்மேன் என்று போட்டிருந்தது. அத்தா அதைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "மேன்னு போட்டிருக்கு. உனக்குத்தான் குடுத்தாகளா, மாத்திக் குடுத்துட்டாகளா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுக்கவில்லை என்று அவருக்கு நிச்சயமான பிறகுதான் தேனிக்கு வேலைக்குப் போக விட்டார்.

சிவனாண்டி சார் சான்றிதழைப் பார்க்கவில்லை. ஒரு மை பேனாவைக் கையில் கொடுத்து, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். குனிந்து பார்த்தார்.

"மூச்ச எங்கன விட்ட?"

"பாதியில சார்."

"ஆமா. அங்கன கோடு தும்மியிருக்கு."

அன்றே வேலையில் சேர்ந்தேன். முதல் வருடம் கோடு. அடுத்த வருடம் மரம். அதற்கடுத்த வருடம்தான் கதவு, ஜன்னல், மனிதர்கள். ஒரு தென்னை ஓலை ஒழுங்காக வருவதற்குள் என் கூடப் படித்தவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன.

வேலை இப்படி நடக்கும். வீட்டுக்காரர் பிளானைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் வீடு கட்டி முடித்தால் ரோட்டில் நின்று பார்க்கிறபோது எப்படித் தெரியுமோ, அப்படி ஒரு படம் போட்டுக் கொடுப்போம். முதலில் பென்சிலில் போட்டு, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து, கறுப்பு மையில் இழுக்க வேண்டும். டிரேசிங் தாளுக்கு வேர்வை ஆகாது. உள்ளங்கை பட்ட இடத்தில் மை பிடிக்காமல் வழுக்கும். கைக்கு அடியில் கைக்குட்டை போட்டு, கை நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டே வரைய வேண்டும். காற்றாடி போட்டால் தாள் படபடக்கும். சித்திரை மாதத்துத் தேனியில் காற்றாடி இல்லாமல், வேர்க்கவும் கூடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். இருக்கிற பேனாக்களிலேயே மெல்லியதுதான் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே டிக் டிக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு வெந்நீர் வைத்து அதைக் குளிப்பாட்ட வேண்டும்.

சார் திட்ட மாட்டார். படத்தைத் தலைகீழாகச் சுவரில் மாட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைப்பு நீளமானால் படம் மோசம். துண்டை மாற்றித் துடைத்தால் திரும்ப வரைய வேண்டும். ஒருமுறை ஒரு சுவர் முழுக்க ஒவ்வொரு செங்கலாக வரைந்து வைத்தேன். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மூணு எடத்துல நாலு கல்லப் போடு. மிச்சத்தப் பாக்கிறவுகளே கட்டிக்குவாக."

கட்டடத்தில் எந்த மூலை அவருக்கே திருப்தியாக இல்லையோ அங்கே ஒரு தென்னை நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் படங்களை வைத்திருக்கிற வீடுகள் நிறைய உண்டு. தென்னை எங்கே நிற்கிறதென்று பார்த்தால் சார் எங்கே தடுமாறினார் என்று சொல்லிவிடலாம். வீட்டில் அந்த இடத்தில் தென்னை இருக்காது. தடுமாற்றம் இருக்கும்.

இனி சூரியன். எங்கள் ஆபீசில் சூரியன் தாளின் இடது மேல் மூலையில் இருந்தது. வருடம் பூராவும் அங்கேயே இருந்தது. வீடு கிழக்குப் பார்த்தாலும் வடக்குப் பார்த்தாலும் வெயில் அந்த மூலையிலிருந்து சாய்வாக இறங்கும். கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு வலது பக்கம் நிழல் விழும். காரணம் வானத்தில் இல்லை. வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாக மையிழுத்துக்கொண்டு போனால்தான் ஈரத்தில் கை படாது. நிழல்தான் அதிக மை. அது கடைசியில், வலது ஓரத்தில் இருந்தால் வசதி. இவ்வளவுதான். நான் இதைக் கேள்வி கேட்டதே இல்லை. ஆபீஸ் ஜன்னல் வழியாக உண்மையான சூரியன் என் மேசை மேல் வேறு பக்கத்திலிருந்து விழும்போது திரையை இழுத்து விட்டுக்கொள்வேன்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கூடலூர் ராஜாங்கம் வந்தார்.

ராஜாங்கம் கூடலூரிலிருந்து குமுளிக்கும் அதற்கு மேலே எஸ்டேட்டுகளுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். ஒரு ஜீப்பில் ஆரம்பித்துப் பல ஜீப்புகளுக்கு முதலாளி ஆனவர். மெயின் ரோட்டின் மேல் இடம். கீழே கடைகள், அதற்கு மேல் இரண்டு மாடி. கூடலூரில் ஜீப் வைத்திருக்கிற வேறு யாருக்கும் இரண்டு மாடி கிடையாது என்பது பிளானில் எழுதாத முக்கியமான விஷயம். சார் பிளான் போட்டார். படம் என்னிடம் வந்தது.

"வாசல்ல நம்ம ஜீப்பு நிக்கணும்மா. பழைய ஜீப்பு. நம்பர் தெரியணும்" என்றார் ராஜாங்கம்.

"சுத்துப்புறத்தையும் போடு. அப்பத்தான் கட்டடம் மண்ணுல நிக்கும்" என்றார் சார்.

இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் ராஜாங்கத்தின் இடத்துக்கு வலது பக்கம் ஒரு பெரிய சிமெண்டுக் களம். மலையிலிருந்து வரும் பச்சை மிளகைப் பரப்பி, காலால் தள்ளிக் கிளறிக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் அந்தக் களத்தைப் போட்டேன். மிளகைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். அப்புறம் வழக்கம்போல் இடது மூலையிலிருந்து வெயிலை இறக்கி, களத்தின் மேல் நிழலைப் போட்டேன். குறுக்குக் கோடு, அதன் மேல் எதிர்க்குறுக்கு, ஓரத்தில் அடர்த்தி, போகப் போக நெகிழ்வு. நிழலுக்குள்ளும் மிளகு தெரிந்தது. முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. சார் தலைகீழாக மாட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் தொடவில்லை. அந்த ஆபீசில் அதற்கு மேல் பரிசு கிடையாது.

ராஜாங்கம் பிரேம் போட்டு, கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாட்டி வைத்தார். வேலை நடக்கிற காலத்திலேயே ஊர் பார்க்கட்டும் என்று.

ஊரோடு சேர்ந்து பேச்சியம்மாளும் பார்த்தார்.

கடைகளுக்கு மேல் தளம் போட்டு முடிந்த சமயம். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். நல்ல வாட்டசாட்டம். இடுப்பில் சாக்கு சுற்றிய ஒரு பொருள். சாக்கைப் பிரித்தார். உள்ளே என் படம், பிரேமோடு. மேசை மேல் வைத்தார். ஆபீஸ் பூராவும் மிளகு வாசம் அடித்தது.

"இத வரைஞ்ச மகராசன் ஆரு?"

சார் என்னைக் காட்டினார்.

"நீயா ஆத்தா? லட்சணமாத்தான் இருக்க. எங் களத்துல ஏன் கரியப் பூசுன?"

"அது கரி இல்லம்மா. நிழலு."

"அதத்தான நானுஞ் சொல்றேன்!"

அந்தக் களம் பேச்சியம்மாளுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. மலையில் கொஞ்சம் கொஞ்சமாக மிளகு வைத்திருப்பவர்கள் அவரிடம் கொண்டுவந்து போட்டுக் காய வைத்து வாங்கிப் போவார்கள். வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்தவர். களம்தான் குடும்பம்.

"மிளகு நாலு நாளாவது நல்லா வெயிலு குடிக்கணும் சாரே. நெழல்ல கெடந்தா பூஞ்சணம் பூத்துரும். குமுளி யாவாரி மோந்து பாத்தே திருப்பி விட்டுருவான். ஒரு தடவ திருப்பிட்டா அப்புறம் எங் களத்துக்கு ஆரு வருவாக? அவரு மாடிய எழுப்பட்டும், வேணாங்கல. எங் களத்த இருட்டாக்கிட்டு எழுப்பக் கூடாது."

சார் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, இது படத்துக்காகப் போடுற நிழலு. எல்லாப் படத்துலயும் இப்படித்தான் போடுவோம். அங்கன பாருங்க."

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். பேச்சியம்மாள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். எல்லாவற்றிலும் வலது பக்கம் இருட்டு.

"அப்ப தேனியில பக்கத்து வீட்டுக்காரக எல்லாம் இருட்டுலதான் குடியிருக்காகளா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆட்களைப் பார்த்து அவர் கண்ணாடி துடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேச்சியம்மாள் ஊருக்குத் திரும்பி, ராஜாங்கத்தின் மணல் குவியல் மேல் போய் உட்கார்ந்துவிட்டார். கொத்தனார்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். வேலை நின்றது. ராஜாங்கம் போன் போட்டுக் கத்தினார். சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வரைஞ்ச நிழலு. நீயே போயிச் சொல்லிட்டு வந்துரும்மா. உத்தமபாளையத்துல இருந்து பக்கந்தான?"

டீக்கடை பெஞ்சில் பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில். ஒரு பக்கம் ராஜாங்கம், ஒரு பக்கம் பேச்சியம்மாள். நான் எழுந்து நின்று வலது கை, ஈர மை, இடது மூலை எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த நிழல் வெறும் வழக்கம், உண்மை இல்லை என்றேன். என் தொழில் ரகசியத்தை ஊர் கேட்கச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

"கேட்டுக்கிட்டியா மதினி? வரைஞ்ச புள்ளையே சொல்லிருச்சு. நிழலு பொய்யி" என்றார் ராஜாங்கம்.

பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சரி. அது பொய்யி. அப்ப நெசமான நிழலு எங்கன விழும்? அதச் சொல்லு ஆத்தா."

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு நிழல் போட்டவள். ஒரு வீட்டின் நிழல்கூட எங்கே விழுகிறது என்று பார்த்தது கிடையாது. கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த அம்மாள் கேட்ட விதத்தில் அது முடியவில்லை. "பாத்துத்தான் சொல்லணும்மா" என்றேன்.

"பாரு. வெயிலு இங்கனதான் இருக்கு" என்றார்.

மறுநாள் காலையிலேயே போனேன். மார்கழிக் கடைசி. அந்த வருடத்து மிளகு வர ஆரம்பித்திருந்தது. கட்டாத மாடிக்கு நிழல் பார்ப்பது எப்படி? கொத்தனார் வீரணன்தான் மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினார். இரண்டு மாடியும் வந்தால் சுவர் எந்த உயரத்தில் முடியுமோ அந்த உயரத்துக்கு அளந்து, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, தளத்தின் களத்துப் பக்க ஓரத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். துணியின் நிழல் களத்தில் எங்கே விழுகிறதோ அங்கே நான் சுண்ணாம்பு வைக்க வேண்டும். அவர் ஓரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கழியோடு நகருவார். நான் கீழே துணியின் நிழலைத் துரத்துவேன்.

"மிளகு மேல மிதிக்காத ஆத்தா. அப்புறம் ராத்திரி பூரா காலு எரியும்" என்று பேச்சியம்மாள் எனக்காக மிளகை ஒதுக்கி ஒதுக்கி வழி விட்டார்.

காலையில் விழுந்த நிழல் நான் வரைந்ததைவிட நீளமாக, களத்தின் பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. உச்சி வேளையில் குறுகியது. ஆனாலும் களத்துக்குள்ளேதான் இருந்தது. பிற்பகலில் ரோட்டுப் பக்கம் திரும்பி மறுபடி நீண்டது. அப்புறம் மேற்கு மலை வெயிலை வாங்கிக்கொண்டது. எல்லாருடைய களத்திலும் நிழல். சுண்ணாம்பை எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். களத்தில் ராஜாங்கம் பக்கத்துப் பாதி, மிளகு காய்கிற மாதத்தில், நாள் முழுக்க இருட்டு. நான் குறுக்குக் கோடு போட்டிருந்த அதே இடம்.

நின்று யோசித்தபோதுதான் விளங்கியது. கட்டடம் கிழக்கே இருக்கிற ரோட்டைப் பார்த்து நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் என் தாளின் இடது பக்கம் தெற்கு. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. என் வலது கையின் வசதிக்காக வைத்த சூரியன் மிளகுக் காலத்தில் கூடலூரில் அப்படியே வந்து நின்றுவிட்டது. பொய் என்று நேற்றுத்தான் ஊர் முன்னால் சொல்லியிருந்தேன்.

பேச்சியம்மாள் சுண்ணாம்பு வரியைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஒரு டம்ளரில் சுக்குக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஓங் கை சரியாத்தான் வரைஞ்சிருக்கு ஆத்தா. நீதான் அத நம்பாமப் பேசிட்ட."

ராஜாங்கம் தளத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, நீ எனக்குப் படம் வரைஞ்சியா, மதினிக்கு வரைஞ்சியா?"

பஸ் ஏறித் தேனிக்கு வந்தேன். ஆபீசில் சொன்னேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். துண்டை மாற்றினார். மறுபடி துடைத்தார்.

"ஆனி மாசம்?"

"ஆனியில சூரியன் வடக்க போயிரும் சார். நிழலு தெக்க, ராஜாங்கம் பக்கமே விழுந்துரும்."

"அப்ப ஆனி மாசத்த வரைஞ்சிரு."

"சார், மிளகு ஆனியில…"

"வரைஞ்சிரும்மா. அதுவும் நெசந்தான?"

வரைந்தேன். களம் முழுக்க வெயில். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை முடித்துவிட்டு, அவர் கேட்காமலே தை மாதத்தையும் வரைந்தேன். இந்த முறை வீரணனின் கழி சொன்ன இடத்தில். இரண்டையும் அவர் மேசை மேல் வைத்தேன். எதை எடுப்பார் என்று பார்த்தேன். இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கெளம்பு, கூடலூருக்கு" என்றார்.

மறுபடி டீக்கடை. சார் ஆனி மாதப் படத்தை விரித்து, அடியில் மாதத்தின் பெயரையும் தானே படித்துக் காட்டினார். ராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. பெரியவர் தலையாட்டினார். பேச்சியம்மாள் குனிந்து பார்த்தார்.

"ஆனியில எங்கிட்ட மிளகு ஏது சாரே? ஆனியில களத்துல எருமையக் கட்டியிருப்பேன். எருமைக்கு எதுக்கு இம்புட்டு வெயிலு?"

டீக்கடையே சிரித்தது. சார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனியைச் சுருட்டினார். தையை விரித்தார்.

பிறகு பஸ்ஸில் கேட்டேன். "அந்தம்மா கேக்காம விட்டிருந்தா சார்?"

"கேக்கலேன்னா அவுகளுக்கு வெயிலு அம்புட்டு முக்கியம் இல்லேன்னு அர்த்தம்" என்றார். இன்று வரை அதை நல்ல குணத்தில் சேர்ப்பதா, கெட்ட குணத்தில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தை மாதப் படத்தை ராஜாங்கம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். மாடியை விட்டுக்கொடுப்பதில் அவருக்குச் சங்கடம் செங்கல் இல்லை. குமுளியில் இருக்கிற மச்சினன் முதல் ஜீப் ஸ்டாண்டில் கிளி ஜோசியக்காரர் வரைக்கும் எல்லாரிடமும் இரண்டு மாடி என்று சொல்லியாகிவிட்டது. பெரியவர் டீ சொன்னார்.

சார்தான் ஆரம்பித்தார். "ராஜாங்கம், மேல் மாடிய முழுசாக் கட்டுனா அது பெட்டி. தெக்குப் பக்கம் பாதிக்கு மட்டும் கட்டி, களத்துப் பக்கம் பாதிய மொட்ட மாடியா விட்டா அது பங்களா. மும்தாசு, வரைஞ்சு காட்டு."

"இங்கனயா சார்?"

"இங்கனதான்."

ஆனி மாதப் படத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில், டீக்கடை பெஞ்சின் மேல், தோளுக்கு மேல் ஊர் நின்று பார்க்க வரைந்தேன். காற்று அடித்தது. பெஞ்சு ஆடியது. ஒரு கோடுகூட ஆபீஸ் கோடாக வரவில்லை. படியாகப் பின்வாங்கிய மேல் மாடி, அதற்கு முன்னால் திறந்த தளம், கைப்பிடிச் சுவர், அதில் பூந்தொட்டி. நிழல் எங்கே முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும். களத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டைதான் இருட்டானது. அதற்கு மேல் வெயில்.

ராஜாங்கம் வெகுநேரம் பார்த்தார். "ஜீப்பு எங்க?" என்றார். ஜீப்பைப் போட்டேன். மொட்டை மாடியில் ஒரு ஆளையும் போட்டேன். கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்க்கிற ஆள்.

"இது நாந்தானே?"

"நீங்கதான்."

"ரோட்டுல போறவுகளுக்கு நான் தெரிவேனா?"

"மாடி முழுசா இருந்தா தெரிய மாட்டீக. இப்பத் தெரிவீக" என்றார் சார்.

ராஜாங்கம் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினார். பேச்சியம்மாள் அந்த இருட்டுப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது.

"இந்தப் பட்ட இருந்துட்டுப் போகட்டும். சாக்குத் தைக்கிறவளுகளுக்கும் ஒக்கார எடம் வேணும்ல" என்று விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு களத்துக்குப் போனார். அன்று சாயங்காலமே மணல் குவியலில் தண்ணீர் ஊற்றிக் கலவை போட ஆரம்பித்தார்கள்.

கட்டடம் பங்களாவாகத்தான் எழும்பியது. ராஜாங்கம் வீட்டு ஹாலில் மட்டும் பழைய படத்தையே மாட்டி வைத்திருந்தார், முழு இரண்டு மாடியோடு. விருந்தாளிகள் யாரும் வெளியே போய் ஒத்துப் பார்க்கவில்லையாம்.

சில வருடம் கழித்துப் பேச்சியம்மாள் மறுபடி ஆபீசுக்கு வந்தார். கூட அவர் மகன். மலைக்குப் போகிற சாமிமார் கூட்டம் கார்த்திகை, மார்கழியில் தங்க இடமில்லாமல் தவிக்கிறது, களத்தில் ஒரு லாட்ஜ் கட்டப் போகிறோம் என்றான் மகன். ராஜாங்கம் கட்டடத்தைவிட ஒரு மாடி அதிகம்.

"நிழலு எங்கிட்டு விழும் ஆத்தா?" என்று முதலில் கேட்டார் பேச்சியம்மாள்.

"மார்கழியில வடக்க விழும்மா. களத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்கு."

"தெருவுக்குத்தான? விழட்டும்."

சேதி தெரிந்து ராஜாங்கமும் வந்துவிட்டார். மதினி லாட்ஜ் எழும்பினால் தன் மொட்டை மாடிக்கு வடக்கே இருந்து வருகிற காற்று நின்றுபோகும் என்றார். "நிழல வரைஞ்சு என் மாடியில பாதியக் கொறச்சீகள்ல? இப்பக் காத்த வரைஞ்சு காட்டுங்க."

"காத்துக்குக் கோடு கெடையாது ராஜாங்கம்" என்றார் சார்.

லாட்ஜ் படத்தை நான்தான் வரைந்தேன். முடித்து, அவர்களை வரச்சொல்லிக் காட்டினேன். மகனுக்குத் திருப்தி. பேச்சியம்மாள் மட்டும் தாளை விட்டு நகராமல் நின்றார்.

"எங் களம் எங்க?"

"களத்து மேலதானம்மா லாட்ஜு வருது."

"அது தெரியும். படத்துலதான கேக்குறேன். முன்னால எடம் வெறுமனே கெடக்கு. அங்கன போடு. கொஞ்சம் மிளகு காயட்டும்."

"ஆத்தா, அது ரோடு" என்றான் மகன்.

"போடட்டும்டா."

சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓரமாக ஒரு களத்தைப் போட்டு, புள்ளி வைத்து மிளகைப் பரப்பினேன். பேச்சியம்மாள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது, "ஆள் இல்லாம எப்படிக் காயும்?" என்றார். சேலையைத் தூக்கிச் செருகி, மிளகைக் காலால் தள்ளிக்கொண்டு வருகிற ஒரு பெண்ணையும் வரைந்தேன்.

அவர் குனிந்தார். ரொம்பக் கிட்டத்தில் பார்த்தார்.

"இம்புட்டுக் குண்டாவா ஆத்தா இருக்கேன்?"

டிரேசிங் தாளில் மையை அழிக்க முடியாது. பிளேடால்தான் சுரண்ட வேண்டும். தாள் கிழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுப்புப் பக்கம் ஒரு மயிரிழையைச் சுரண்டினேன். பிறகு இந்தப் பக்கம் ஒன்று. பேச்சியம்மாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சரி" என்றார். படத்தைச் சுருட்டி மகன் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, கூடலூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.